மானாவாரிப் பருத்தி: இந்த ஆண்டு நுண்ணூட்டத்துக்குச் செலவழிக்கலாமா?

பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு ஆகஸ்ட் 19 முதல் நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். பிறகு 2025 டிசம்பர் 31 வரை நீட்டித்துவிட்டார்கள். விருதுநகர், தூத்துக்குடி கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் நீங்கள் விதைக்கும் பருத்தி மாசி, பங்குனியில்தான் சந்தைக்கு வரும். அதற்குள் மில்கள் வெளிநாட்டுப் பஞ்சை இருப்பு வைத்திருக்கலாம். விலை ஏறும் என்று நம்பி உரச்செலவைக் கூட்ட வேண்டாம்.

நடுத்தர இழைப் பருத்திக்கு 2025-26 பருவத்தில் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாயாக இருந்தது. நுண்ணூட்டத்துக்கும் தெளிப்புக் கூலிக்கும் ஏக்கருக்கு 1,000 ரூபாய் போட்டால், அந்த விலையில் போட்டதை எடுக்கவே 13 கிலோ பருத்தி கூடுதலாக வர வேண்டும். வியாபாரி குறைத்துக் கேட்டால் இன்னும் அதிகம்.

அது வருமா என்பதை உங்கள் மண்தான் சொல்லும். சுண்ணாம்பு அதிகமுள்ள கரிசலில் துத்தநாகமும் இரும்பும் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காமல் கட்டுண்டு கிடக்கும். அங்கே பலன் தெரியும். போதிய அளவு உள்ள நிலத்தில் போட்டால் பணம்தான் போகும். மண்வள அட்டையில் துத்தநாகம், போரான் வரிகளைப் பாருங்கள்.

பற்றாக்குறை இருந்தால் அடியுரமே சிக்கனம். ஏக்கருக்கு 3 கிலோ பருத்தி நுண்ணூட்டக் கலவையை 30 கிலோ தொழு உரத்துடன் கலந்து, லேசான ஈரத்தில் ஒரு மாதம் நிழலில் வைத்திருந்து இடுங்கள். ஜிங்க் சல்பேட்டை டிஏபியோடு கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி பிளஸ், ஏக்கருக்கு 2.5 கிலோ வீதம் 200 லிட்டர் நீரில், பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் தெளிப்பது. மகசூல் 18 சதவீதம் வரை கூடும் என்கிறது பரிந்துரை. அந்த 'வரை'யைக் கவனியுங்கள். மண்ணில் ஈரம் இருக்கும்போது மாலையில் தெளித்தால் சப்பை, பூ உதிர்வது குறையும். வாடித் தொங்கும் செடியில் தெளிக்காதீர்கள்.

இலை சிவந்தால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். இலையைத் திருப்பிப் பாருங்கள். தத்துப்பூச்சி சாறு உறிஞ்சினாலும் ஓரம் சிவந்து சுருளும். பூச்சி இல்லாமல் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடையில் சிவந்தால் மக்னீசியக் குறைவு.

யூரியா கேட்டால் கூடவே ஒரு நுண்ணூட்டப் பாட்டிலையும் தலையில் கட்டுகிறார்களா? மானிய உரத்தோடு வேறு பொருளை வாங்கக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கும்படி 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார். ரசீது கேளுங்கள், தராவிட்டால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.