பாதி எழுந்த கட்டடத்திற்கும் பாதுகாப்பு வேண்டும்

ஒற்றசேகரமங்கலம் முதல் பாறசாலை வரையிலான எல்லையோர ஊர்களில் மேட்டுச் சரிவை வெட்டிச் சமன்படுத்தி, தாங்குசுவர் எழுப்பி, அதனை ஒட்டி வீடு கட்டுவது வழக்கம். இடவப்பாதியும் துலாவர்ஷமும் ஆண்டுக்கு இருமுறை அந்தச் சரிவைச் சோதிக்கின்றன. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலும், 2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட பெருவெள்ளமும் இயற்கை எவ்வளவு கடுமையாகலாம் என்பதை உணர்த்திச் சென்றன. எனினும் கட்டி முடித்த வீட்டிற்குக் காப்பீடு கேட்கும் வாடிக்கையாளர்கள், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிற்கு அதைக் கேட்பது அரிதாகவே உள்ளது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஒரு கட்டடம் தன் வாழ்நாளில் மிகவும் வலுவிழந்து நிற்பது கட்டப்படும் காலத்தில்தான். வானம் தோண்டிய குழியில் நீர் புகலாம். மேல்தளம் வார்த்த இரவே பெருமழை பெய்து முட்டு சரியலாம். இறக்கி வைத்த கம்பி களவு போகலாம். வங்கி கடனைக் கட்டம் கட்டமாக வழங்குவதால், ஒவ்வொரு கட்டத்திலும் வாடிக்கையாளரின் கடனும் கூடுகிறது. இடிந்த சுவருக்காகக் கடன் தவணை நின்றுவிடுவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே ஒப்பந்ததாரர் அனைத்து இடர் காப்பீடு உள்ளது. 1929இல் இலண்டன் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே லாம்பெத் பாலம் கட்டப்பட்டபோது வழங்கப்பட்டதே இவ்வகையின் முதல் பாலிசி என்பர். பாலத்திற்காகப் பிறந்ததால் இது பெரிய நிறுவனங்களுக்கே உரியது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. சிறு ஒப்பந்ததாரருக்குத்தான் இது மிகுதியும் தேவை என்பது நம் கருத்து. பெரிய நிறுவனம் ஓர் இழப்பைத் தாங்கும். ஒரே வேளையில் இரண்டு மூன்று வீடுகள் கட்டும் ஊர் ஒப்பந்ததாரர் ஒரே மழையில் முதலை இழந்துவிடுவார்.

இந்தப் பாலிசிக்கு இரண்டு பிரிவுகள் உண்டு. முதலாவது, பணிக்கும் கட்டுமானப் பொருள்களுக்கும் நேரும் சேதம். இரண்டாவது, பணியால் பிறருக்கு நேரும் காயத்திற்கும் சொத்துச் சேதத்திற்குமான பொறுப்பு. மண் தோண்டியதால் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் கண்டால் அதற்குப் பெரும்பாலும் தனிச் சேர்ப்பு தேவைப்படும்; சரிவு நிலத்தில் கட்டுவோர் இதைக் கேட்டுப் பெற வேண்டும். பணியாளர்கள் இரண்டாம் பிரிவில் அடங்கமாட்டார்கள். வேலையில் காயமுறுவோர்க்கு இழப்பீடு தரும் கடமையை 1923 முதலே சட்டம் முதலாளியின்மேல் வைத்திருக்கிறது; அதற்கு வேறு பாலிசி எடுக்க வேண்டும்.

பாலிசி எடுப்போர் பலரும் தவறுவது தொகையில்தான். கடன் தொகைக்கு மட்டும் காப்பீடு செய்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். கட்டி முடிக்க ஆகும் முழுச் செலவும், உரிமையாளர் வாங்கித் தரும் பொருள்களின் விலையும் சேர்ந்ததே காப்பீட்டுத் தொகையாக இருக்க வேண்டும். 60 லட்சம் ரூபாய்ப் பணியை 40 லட்சத்திற்குக் காப்பீடு செய்து, 6 லட்சம் ரூபாய் சேதம் நேர்ந்தால், அதே விகிதத்தில் 4 லட்சமே கணக்கில் வரும். அதிலிருந்தும் உரிமையாளர் ஏற்க வேண்டிய பங்கு கழிக்கப்படும். மழை, வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு அந்தப் பங்கு கூடுதலாக இருப்பதும் உண்டு.

காலத்திலும் கவனம் வேண்டும். பிரீமியம் செலுத்தும் முன் காப்பீடு தொடங்காது என்பது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் விதி. பணி நீண்டால், பாலிசி முடியும் முன்பே காலத்தை நீட்டிக்க வேண்டும். பணமின்றிப் பணியை நிறுத்திவைத்தால் அதனை எழுத்து வழியே தெரிவிக்க வேண்டும். பணி நின்றதால் நேரும் இழப்பு பாலிசியில் அடங்காது. கீழ்த்தளத்தில் குடியேறிவிட்டால் அப்பகுதிக்கான காப்பும் முடிந்துவிடும்.

காப்பீடு இருப்பதால் பணியில் தளர்வு கூடாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். தவறான வடிவமைப்பால் நேரும் இழப்பை அடிப்படைப் பாலிசி ஏற்பதில்லை. தரமற்ற வேலையைத் திருத்தும் செலவையும் ஏற்பதில்லை. மண் ஆய்வையும் பொறியாளரின் மேற்பார்வையையும் எந்தப் பாலிசியும் ஈடுசெய்யாது.

எனவே கடன் ஒப்புதலின்போதே கட்டுமானக் காப்பீட்டைப் பற்றிக் கேட்பது வங்கிகளின் வழக்கமாக வேண்டும் என்கிறோம். எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது வாடிக்கையாளரின் உரிமை. ஆனால் உரிமையாளர், ஒப்பந்ததாரர், கடன் தந்த வங்கி ஆகிய மூவர் பெயரும் ஒரே பாலிசியில் இடம்பெற வேண்டும். பிரீமியத்தை யார் செலுத்துவது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வானம் தோண்ட நாள் குறிக்கும்போதே இதற்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள்.