ஆறு வரி ஜேசானும் ஒரு பவர் பத்திரமும்

மக்களே, வழக்கமாக இந்தப் பக்கத்தில் படம், பிரியாணி, பஸ் பயணம் என்று ஜல்லியடிக்கிறவன் நான். பொட்டி தட்டுகிற பிழைப்பைப் பற்றி எழுதுவதில்லை என்று ஒரு விரதம். போன வாரம் ஆபீசில் நடந்த பஞ்சாயத்தில் அது கலைந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஆசாமிகள் அல்லாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. முடிஞ்சவரை புரியற மாதிரி சொல்றேன்.

எங்க டீமில் ஒரு தம்பி. வேலைக்கு வந்து எட்டு மாசம். கஸ்டமர் டேபிளில் ஒரே ஆள் ரெண்டு மூணு தடவை இருக்கார், அதைப் பார் என்று அவனுக்கு ஒரு ஆணி கொடுத்தார்கள். தம்பி தன்னோட ஏஐ ஏஜெண்டைக் கூப்பிட்டு "இந்த டூப்ளிகேட்டுக்கு ஒரு வழி பண்ணு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். அது வழி பண்ணிவிட்டது. ஒரே போன் நம்பர் இருந்தால் ஒரே ஆள் என்று அதுவாக முடிவு கட்டி, அப்பா நம்பரைக் கொடுத்திருந்த பிள்ளைகளை எல்லாம் அழித்துவிட்டது. லைவ் டேட்டாபேசில். முந்தின ராத்திரி பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். அன்று காலையிலிருந்து மதியம் வரைக்கும் பதிவானது போனது போனதுதான்.

மீட்டிங்கில் எல்லோரும் தம்பியைப் போட்டுத் தாளித்தார்கள். "படிக்காம எப்படிய்யா அலவ் பட்டனை அமுக்கினே?" இது ஒன்றுதான் கேள்வி. எட்டு மாசப் பையன் கையில் லைவ் டேட்டாபேசின் ஓனர் பாஸ்வேர்டு எப்படி வந்தது என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. என் வாயிலிருந்தும்தான். ஏன்னா அந்த கான்ஃபிக் துண்டை வாட்ஸப்பில் அவனுக்கு அனுப்பியதே நான். "இதை அப்படியே பேஸ்ட் பண்ணு, பாஸ்வேர்டு மட்டும் போட்டுக்கோ, சூப்பரா ஓடும்" என்று கட்டைவிரல் வேறு.

என் சண்டை இந்த "அப்படியே பேஸ்ட் பண்ணு" கலாச்சாரத்தோடுதான்.

ஏஜெண்ட் வெறுமனே பேசும். எதையாவது தொடணும்னா அதுக்கு ஒரு கை வேணும். அந்தக் கைதான் டூல் சர்வர். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்று ஒரு பொது முறையை வெளியிட்டது. சுருக்கமா எம்சிபி. 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் ஏத்துக்கிச்சு. அதுக்கப்புறம் மெயிலுக்கு ஒண்ணு, காலண்டருக்கு ஒண்ணு, டேட்டாபேசுக்கு ஒண்ணு என்று தடுக்கி விழுந்தால் ஒரு சர்வர். மாட்டுவதும் சுலபம். ஒரு ஜேசான் ஃபைலில் சர்வருக்கு ஒரு பேர், ஓட்ட வேண்டிய கமாண்ட், அதுக்கான ஆர்கியுமெண்ட், கீழே டோக்கனோ பாஸ்வேர்டோ. ஆறே வரி.

பார்க்க செட்டிங் மாதிரி இருக்கும். செட்டிங் இல்லை சாமி, அது பவர் பத்திரம். நிலத்துக்கு பவர் எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் கோர்ட் படி ஏறியவர்கள் நம்ம ஊரில் தெருவுக்கு ஒருத்தர் உண்டு. அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆச்சுன்னு.

உங்கள் மெஷினிலேயே ஓடுகிற சர்வர் என்றால் அது உங்கள் பேரில் ஓடுகிற ஒரு சாதாரண புரோகிராம். நீங்கள் திறக்கக்கூடிய எந்த ஃபைலையும் அதுவும் திறக்கும், எஸ்எஸ்ஹெச் சாவி உட்பட. "இந்த ஃபோல்டரை மட்டும்தான் தொடுவேன்" என்பது அந்த புரோகிராம் எழுதினவர் கொடுக்கிற வாக்கு. பூட்டை நாமதான் தனியா போடணும்.

கமாண்டில் என்பிஎக்ஸ் என்று போட்டு பக்கத்தில் ஒரு ஒய் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? "இன்ஸ்டால் பண்ணலாமா என்று என்னைக் கேட்காதே" என்று அர்த்தம். வர்ஷன் நம்பரும் போடவில்லை என்றால் நாளைக்கு எது இறங்கி ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை. 2025 செப்டம்பரில் போஸ்ட்மார்க் எம்சிபி என்ற பேக்கேஜ் நாறியது ஞாபகம் இருக்கலாம். போஸ்ட்மார்க் கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, பேரை எடுத்துக்கிட்டான் ஒரு புண்ணியவான். 1.0.15 வரைக்கும் ஒழுங்காக மெயில் அனுப்பியது. 1.0.16இல் கூடுதலாக ஒரே ஒரு வரி. அதிலிருந்து போகிற ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு காப்பி அந்த ஆளுக்கும் போனது.

"நாங்க ரீட் ஒன்லி சர்வர்தான் போட்டோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று மீட்டிங்கில் பக்கத்து டீம் லீட் மார்தட்டினார். அவருக்காகவே இது. எம்சிபிக்கு மாதிரியாக வெளியிட்ட போஸ்ட்கிரெஸ் சர்வரும் ரீட் ஒன்லிதான். எப்படி? ஏஜெண்ட் கொடுக்கிற எஸ்கியூஎல்லை ஒரு ரீட் ஒன்லி டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து ஓட்டும். ஆனால் ஒரே மூச்சில் பல கமாண்டுகளை அனுமதித்தது. முதலில் 'கமிட்' என்று சொல்லி அந்த டிரான்சாக்‌ஷனை முடித்துவிட்டு, அடுத்து 'டிராப்' என்று சொன்னால் முடிந்தது கதை. 2025இல் டேட்டாடாக் ஆட்கள் இதைப் போட்டு உடைத்தார்கள். கேட்டில் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிட்டு, பின்வாசலைத் திறந்து வெச்ச கதை. ரீட் ஒன்லி என்பது டேட்டாபேசில் இருக்கணும். தனியாக ஒரு ரோல், வேண்டிய டேபிளுக்கு மட்டும் செலக்ட் உரிமை. பத்து நிமிஷ வேலை. அதை நான் தம்பிக்குச் செய்து கொடுக்கவில்லை. நான் அனுப்பிய சர்வர் எழுதவும் செய்யும், அழிக்கவும் செய்யும். "எல்லாம் பண்ணுதுய்யா" என்று அதைத்தான் பெருமையா சொன்னேன். சொந்த செலவில் சூனியம், அதுவும் அடுத்தவன் தலையில் :-(

சரி, அந்த அலவ் பட்டன். டூலை ஓட்டும் முன் மனுஷன் ஒருத்தர் தடுக்கிற வசதி இருக்கணும் என்று எம்சிபி விதியிலேயே இருக்கிறது. ஆனால் 'கட்டாயம்' என்று போடவில்லை, 'இருக்கணும்' என்ற அளவில்தான் இருக்கு. நடைமுறையில் என்ன? காலையிலிருந்து நாப்பது தடவை கேட்டால், நாப்பத்தி ஒண்ணாவது தடவை யாரா இருந்தாலும் "எப்பவும் அனுமதி"யை அமுக்குவான். நான் அமுக்கியிருக்கேன். மீட்டிங்கில் திட்டினவங்க எல்லாரும் அமுக்கியிருப்பாங்க. அந்தப் பட்டனை நம்பி ஓனர் பாஸ்வேர்டைக் கொடுப்பது, பிரேக் இல்லாத வண்டிக்கு நல்ல ஹாரன் மாட்டுவது.

அப்ப இதையெல்லாம் தொடவே கூடாதா என்று கேட்பீர்கள். நான் இன்னமும் ரெண்டு சர்வர் வெச்சிருக்கேன். முன்னாடி பதினொண்ணு இருந்தது, எதுக்குன்னு எனக்கே தெரியாது. இருக்கிற ஒவ்வொண்ணும் தன் டூல் விளக்கங்களை எல்லாம் மாடலுக்கு ஊட்டும். இடம் போவது ஒரு பக்கம், அந்த விளக்கத்துக்குள்ளேயே ரகசியக் கட்டளை ஒளிச்சு வைக்க முடியும் என்று 2025 ஏப்ரலிலேயே காட்டிவிட்டார்கள். இப்ப மிச்சம் இருக்கிற ரெண்டுக்கும் வர்ஷன் நம்பர் போட்டிருக்கு. கிட்ஹப் டோக்கன் ஒரே ஒரு ரெப்போவுக்கு மட்டும். டேட்டாபேசுக்குத் தனி ரோல். கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு கிடையாது. இவ்வளவுக்கும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போச்சு, அதில் பாதி பழைய டோக்கன்களைத் தேடித் தேடி ரத்து பண்ணவே சரியாப் போச்சு.

நடந்ததைப் பற்றி மேனேஜர் அனுப்பிய மெயிலில் காரணம் என்ற இடத்தில் தம்பி பேர் மட்டும்தான் இருந்தது. அப்ரைசல் வருகிற மாசம். நேத்து ராத்திரி எல்லோருக்கும் ரிப்ளை போட்டேன்: கான்ஃபிக் கொடுத்தது நான், தனி ரோல் போடாதது நான், ஓனர் பாஸ்வேர்டைப் பொது சாட்டில் போட்டு வைத்தது டீம்.

மேனேஜர் இன்னும் வாய் திறக்கவில்லை. தம்பி மட்டும் தனியா மெசேஜ் போட்டான். "எதுக்குண்ணா இதெல்லாம்?" அடுத்த நிமிஷமே இன்னொண்ணு. "அந்த ரோல் எப்படிப் போடறதுன்னு நாளைக்குக் காட்டுங்கண்ணா."