நிணநீர் சாக்கடை அல்ல

“நிணநீர் மண்டலம் உடலின் கழிவுநீர்க் கால்வாய். அதற்குப் பம்பு இல்லை. எனவே நச்சு தேங்கும். மசாஜும் பழச்சாறும் கொண்டு கழுவ வேண்டும்.” மசாஜும் சாறும் விற்பவர்களின் வாதம் இவ்வளவுதான். இதில் ஒவ்வொரு படியும் தவறு.

1. நிணநீர் கழிவு அல்ல. இரத்த நுண்குழாய்களிலிருந்து திசுக்களில் கசியும் நீரும் புரதமும், குடல் உறிஞ்சும் கொழுப்பும்தான் அது. நாளுக்குச் சுமார் 3 லிட்டர், கழுத்தடிச் சிரைகளில் சேர்ந்து இரத்தத்துக்கே திரும்புகிறது. சாக்கடையைக் குடிநீர்த் தொட்டிக்கு யாராவது திருப்புவார்களா?

2. பம்பு இல்லையா? பெரிய நிணநீர்க் குழாய்களின் சுவரிலேயே தசை உண்டு. அது தானாகச் சுருங்கித் தள்ளும். நடையும் மூச்சும் துணை. வால்வுகள் பின்னோட்டத்தைத் தடுக்கும்.

3. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அது அடைப்பா? இல்லை. கிருமியை எதிர்க்க நிணநீர்க் கணுவில் வெள்ளணுக்கள் பெருகுகின்றன. கணு தன் வேலையைச் செய்கிறது.

4. இரத்தத்தின் கழிவை அகற்றுபவை கல்லீரலும் சிறுநீரகமும். சாறு விற்பவர் சொல்லும் நச்சுக்குப் பெயர் என்ன? அளந்தது யார்?

5. உண்மையான தேக்கம் வேறு. யானைக்கால் நோயில் புழுக்கள் குழாய்களைச் சிதைக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை அகற்றினால் சிலருக்குக் கை வீங்குகிறது. அவர்களுக்கு அழுத்தக் கட்டும், பயிற்சி பெற்றவரின் மசாஜும், அன்றாடத் தோல் பராமரிப்பும் தேவை. அந்தச் சிகிச்சையின் பெயரால் நலமாக இருப்பவரிடம் மசாஜும் சாறும் விற்பது ஏமாற்று.