வன்தட்டின் பாகப்பிரிவினை

நம் கல்லூரி விடுதியில் மாலைச் செபம் முடிந்து மாணாக்கர் தத்தம் அறைக்குத் திரும்பும் வேளையில் நிகழும் வாதங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஒரே மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்தல் தகுமா, தகாதா என்பது. விண்டோஸ் ஒன்றே சாலும் என்பார் ஒரு சாரார். அதனை முற்றும் துடைத்தெறிந்து லினக்ஸைக் குடியேற்றுவதே அறிவுடைமை என்பார் மற்றொரு சாரார். இரண்டும் ஒரு தட்டிலேயே இருக்கலாமே என்று யாம் கூறியபோது, நண்பர் ஒருவர், இரண்டு எஜமானர்க்கு ஊழியஞ் செய்தலைக் குறித்த திருமறை வாக்கை நினைவூட்டி, எம் வாயை அடைத்துவிட்டார். விடை அன்று எமக்குத் தோன்றவில்லை; இன்று கூறுகின்றோம். கணிப்பொறியைப் பொறுத்தமட்டில் எஜமானர் நாம், இயங்குதளங்கள் ஊழியர். ஒரு வீட்டில் ஊழியர் இருவர் இருத்தலைத் திருமறை யாண்டும் விலக்கிற்றில்லை.

விளையாட்டு நிற்க. இவ்வாதம் வேலையற்றோர் வாதமன்று. நம்மிற் பெரும்பாலோர் கையில் உள்ளவை புதிய பொறிகள் அல்ல. தமையனோ தமக்கையோ படித்து முடித்தபின் நம்மிடம் வந்தவை, அன்றேல் பிறர் பயன்படுத்தியதைக் குறைந்த விலைக்கு வாங்கியவை. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு எல்லார்க்கும் பொதுவாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11-க்கு மாறலாமெனின், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், இன்டெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறைச் செயலியையாவது கேட்கின்றது. ஓடிக்கொண்டிருக்கும் பொறி, ஓடும் வலிமை குன்றாதிருந்தும், வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றது. அதனைக் குப்பையில் எறிய நம் பெற்றோரின் வருவாய் இடந்தராது.

ஆயின் லினக்ஸுக்கே முழுதும் மாறிவிடலாமே என்பார்க்கு, தமிழ் படிக்கும் எம்மனோர் ஒரு தடை கூறவேண்டியுளது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்கென ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. அக்காலத்தில் தட்டெழுதிச் சேமித்த கட்டுரைகளும் பாடக்குறிப்புக்களும் இன்னும் எங்கள் கைகளில் உலவுகின்றன. அவற்றைத் திறந்து திருத்துதற்குரிய பழைய விசைப்பலகைச் செயலிகளுட் பல விண்டோஸுக்கென்றே ஆக்கப்பட்டவை. ஆகவே எம் கருத்து இது: பழைய விண்டோஸ் வலையோடு தொடர்பின்றிப் பழைய ஏடுகளைப் படித்துக்கொண்டு ஒரு பாகத்தில் இருக்கட்டும், வலை, மின்னஞ்சல், வங்கி முதலிய வெளித்தொடர்புகளை, திருத்தங்கள் தவறாது வரும் லினக்ஸ் மற்றொரு பாகத்திலிருந்து ஏற்றுக்கொள்ளட்டும்.

இஃதொன்றும் புதுமையன்று. 2006-இல் ஆப்பிள் நிறுவனத்தார் பூட்கேம்ப் என்னும் ஏற்பாட்டால் தம் இன்டெல் பொறிகளில் விண்டோஸுக்கும் இடங்கொடுத்தனர். நம் நாட்டிலேயே, 2011-இல் தமிழ்நாட்டு அரசினர் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் உடனுறைந்தது. இரண்டாவதைத் திறந்தும் பாராமல், திரைப்படங்களுக்கு இடம் வேண்டி அழித்துவிட்டோம் என்று அக்காலத்து மாணவர் சிலர் எம்மிடம் நகைத்துக்கொண்டே கூறியதுண்டு. வீட்டிற்கு வந்த விருந்தினரை வாயிலிலேயே வழியனுப்பிய கதை அது.

இனி, தட்டைப் பிரித்தல் என்பதுதான் யாது? உள்ளே ஏதோ சுவர் எழுப்பப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். சுவரும் இல்லை, வரப்பும் இல்லை. அண்ணன் தம்பியர் நிலத்தைப் பாகம் பிரிக்குங்கால் மண் ஒரு பிடியும் இடம் பெயர்வதில்லை. எல்லை பத்திரத்தில் எழுதப்படுகின்றது, அவ்வளவே. இங்கும் அப்படியே. பழைய முறையில் வன்தட்டின் முதற் கூறாகிய 512 பைட்டுக்குள் எல்லாம் அடங்கும். அதில் 446 பைட்டு, பொறியைத் துயிலெழுப்பும் சிறு நிரலுக்குரியது. 64 பைட்டு பாகப்பத்திரம். கடை இரண்டு பைட்டு முத்திரை. ஒரு பாகத்தின் எல்லையை எழுதப் 16 பைட்டு வேண்டும். ஆதலின் பத்திரத்தில் நான்கு வரிகளுக்கே இடமுண்டு. ஐந்தாவது பங்காளி வந்தால், அந்நால்வருள் ஒருவர் பாகத்தை ‘விரிபாகம்’ ஆக்கி அதனுள் உட்பிரிவு செய்தல் வேண்டும். 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தாரின் எக்ஸ்.டி. பொறியும் டாஸ் 2.0-வும் வெளிவந்தபோது எழுந்த ஏற்பாடு இது. அப்பொறியின் தட்டு 10 மெகாபைட்டு. நம் ஆலயப் பாடகர் குழுவின் பாமாலைகள் இரண்டு மூன்றை ஒலிப்பதிவு செய்தால் நிறைந்துவிடும். அத்துணைச் சிறு நிலத்திற்கு நான்கு பங்காளிகளே மிகுதி என்று அவர்கள் எண்ணியது இயல்பே.

இப்போதைய பொறிகளில் ஜி.பி.டி. என்னும் புதிய பத்திரம் வழங்குகின்றது. அதில் வழக்கமாக 128 பாகங்களுக்கு இடமுண்டு. பத்திரத்தின் படியொன்று தட்டின் இறுதியிலும் வைக்கப்படும். முன்னது கெட்டால் பின்னதைக்கொண்டு சீர்செய்யலாம். மேலும், தொடக்க நிரல்களுக்கெனத் தனியே ஒரு சிறு பாகம் ஒதுக்கப்பட்டு, ஒவ்வோர் இயங்குதளமும் தனக்குரிய உறையில் தன் நிரலை வைத்துக்கொள்ளும். பழைய முறையிலோ வாயில் ஒன்றே, காவலன் ஒருவனே. லினக்ஸ் இருக்கும் தட்டில் பின்வந்த விண்டோஸ், முன்னிருந்த காவலனை ஒருசொல்லும் கேளாமல் வெளியே தள்ளிவிட்டுத் தன் காவலனை நிறுத்திவிடும். விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் நிறுவுக என்று அறிந்தோர் கூறிவருதல் இதுபற்றியே. லினக்ஸின் காவலனாகிய ‘கிரப்’ இருவர்க்கும் கதவு திறப்பான்.

பத்திரத்தில் நான்கே வரி என்பதை யாம் நூலிலிருந்து அறிந்தோமில்லை. ஒரு பெருந்தவற்றால் அறிந்தோம். அதனை மறைத்து இக்கட்டுரையை எழுதுதல் முறையன்று.

சென்ற ஆண்டு எம் வகுப்புத் தோழர் ஒருவர், தம் ஊர்ப் பெண்டிர் பாடிய தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரிகளைக் கைப்பேசியில் பதிவுசெய்து வந்தார். மொத்தம் நாற்பத்தாறு. அவற்றுட் பன்னிரண்டு அவருடைய தாய்வழிப் பாட்டியார் பாடியவை. பதிவு செய்த இரண்டு திங்களில் அம்மூதாட்டியார் காலமானார். கைப்பேசியில் இடமின்மையால் தோழர் எல்லாவற்றையும் மடிக்கணினியின் டி பாகத்திற்கு மாற்றி, கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டார். கணினியோ பத்தாண்டு கடந்தது. விண்டோஸ் திறக்கவே கால்மணி நேரம் ஆகின்றது, நீர் இவ்வேலை அறிவீரே, லினக்ஸையும் வைத்துத் தாரும் என்று எம்மைக் கேட்டார். அறிவோம் என்றோம்.

ஒரு சனிக்கிழமை இரவு உட்கார்ந்தோம். சி பாகத்தைச் சுருக்கி 60 கிகாபைட்டு வெற்றிடம் உண்டாக்கினோம், அதுவரை குற்றமில்லை. ஆயின் அத்தட்டில் தொடக்கத்திற்கொரு பாகம், சி, டி, மீட்பிற்கென ஆலையிலேயே வைத்தவொரு பாகம் என நான்கும் முன்னமே நிறைந்திருந்தன. நிலம் தரிசாகக் கிடந்தது, எழுதுதற்குப் பத்திரத்தில் வரி இல்லை. ஆதலால் நிறுவும் நிரல், ‘விண்டோஸின் அருகே நிறுவுக’ என்று வழக்கமாகக் காட்டும் வழியைக் காட்டவில்லை. ‘தட்டை அழித்து நிறுவுக’ என்பதே கண்ணிற்பட்டது. தட்டு என்று அது சொன்னதை, யாம் உண்டாக்கிய வெற்றிடம் என்று பொருள்கொண்டோம். சொல்லுக்குப் பொருள் காண்பதையே படிப்பாகக் கொண்ட எமக்கு இது நேர்ந்தது! இறுதியாக ஓர் எச்சரிக்கையும் தோன்றிற்று. அதனைப் படித்தோம் என்று எழுதின் அது பொய்யாகும்.

சி போயிற்று, டி-யும் போயிற்று. அத்தட்டு சுழலும் பழைய வகையினது ஆதலின், அழிந்தது போலத் தோன்றியவற்றுள் புதியது மேலே எழுதப்படாத பகுதிகள் எஞ்சியிருந்தன. போட்டோரெக் என்னும் மீட்புச் செயலியைக்கொண்டு இரண்டு நாள் துருவினோம். பதினேழு பாடல்கள் கிடைத்தன. அச்செயலி கோப்புக்களை மீட்குமேயன்றி அவற்றின் பெயர்களை மீட்காது. எண்களோடு வந்த பதினேழில் எது யார் பாடியது என்று தெரியவில்லை. தோழரின் அன்னையார் ஊரிலிருந்து வந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, நான்கைத் தம் தாயின் குரல் என்று காட்டினார். தோழர் எம்மைக் கடிந்து ஒருசொல்லும் கூறினாரல்லர். அப்பதினேழும் இப்பொழுது மூன்று இடங்களில் வைக்கப்பட்டுள்ளன.

இது நேர்ந்த பின்னும் தட்டைப் பிரித்தல் தகும் என்றே சொல்கின்றீரோ எனின், ஆம் என்போம். யாம் செய்த பிழை பிரித்ததில் இல்லை, படி எடாமல் பிரித்ததில் உள்ளது. கணினி கற்பிப்போரும் பழுது பார்ப்போரும் பல்லாண்டாகப் பரப்பிவரும் ஒரு நம்பிக்கை உண்டு: வேண்டியவற்றை டி-யில் வைத்தால் பத்திரம் என்பது. விண்டோஸ் கெட்டு சி-யை மட்டும் புதுக்க நேருங்கால் அது மெய்யே. தட்டே பழுதானால் சி ஏது, டி ஏது? ஓட்டு வீட்டின் கூரை சரிந்தால் அண்ணன் பாகத்திலிருந்த நெல்லும் தம்பி பாகத்திலிருந்த நெல்லும் ஒருங்கே நனையும். அதிலும் இக்காலத்துத் திண்மத் தட்டுக்களில், நீக்கப்பட்ட இடத்தைத் தட்டே தூய்மை செய்துவிடுதலின், எமக்குக் கிடைத்த பதினேழு போலும் மிச்சமும் பெரும்பாலும் கிட்டாது.

செய்யப் புகுவோர் அறியவேண்டியன சில உள. விண்டோஸ் இருக்கும் பாகத்தை விண்டோஸின் தட்டு மேலாண்மைக் கருவியைக்கொண்டே சுருக்குதல் நன்று. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் ‘விரைவுத் தொடக்கம்’ என்றோர் அமைப்பு உண்டு. பொறியை நிறுத்தினும் விண்டோஸ் முழுதும் அடங்காது, அரைத்துயிலில் இருக்கும். அந்நிலையில் லினக்ஸ் அப்பாகத்தில் எழுதப் புகுந்தால் கோப்புக்கள் சிதையலாம். அவ்வமைப்பை முதலில் அணைத்துவிடுக. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவிய பொறிகளுட் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கால் நுழைந்த அளவிலே தட்டு மறைக்குறியாக மாற்றப்படுகின்றது. தொடக்க ஏற்பாட்டில் கைவைத்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோலை அது கேட்கக்கூடும். அதனைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பின்னரே தொடுக. கடிகாரம் ஐந்தரை மணி முன்பின்னாகக் காட்டினால் அஞ்சற்க. பொறியின் கடிகாரத்தில் உள்ளது நம் ஊர் நேரம் என்று விண்டோஸ் கொள்ளும், உலகப் பொதுநேரம் என்று லினக்ஸ் கொள்ளும். இருவரில் ஒருவரை இணங்கச் செய்தல் எளிது. எம் அறைத்தோழர் ஒருவர் இதனை அறியாமல் நள்ளிரவில் எழுந்து, விடியற்காலை என்று எண்ணிக் குளித்துவிட்டு வந்தார்.

குடித்தனக்காரர் இருவரும் என்றும் ஒத்திருப்பர் என்று யாம் உறுதி கூறவில்லை. 2024 ஆகஸ்ட் 13-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தம் ஒன்று, இரு தளமுள்ள பொறிகளைத் தீண்டாது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தும், பலருடைய லினக்ஸைத் தொடங்கவொட்டாமல் தடுத்தது. அது முற்றும் தீர்ந்ததாக அந்நிறுவனத்தார் அறிவித்தது 2025 மே மாதத்தில். இத்தகைய தொல்லை வேண்டாதார், ஒரு தளத்தினுள்ளேயே மற்றொன்றை மெய்நிகர்ப் பொறியாக இயக்கலாம் என்பர். நினைவகம் 16 கிகாபைட்டு உடையார்க்கு அது நல்வழியே. நான்கு கிகாபைட்டோடு காலந்தள்ளும் எம்மனோர்க்கு, ஒருவர் உண்ணும் சோற்றை இருவர்க்கு ஒரே வேளையில் பகிர்ந்தது போலாகும். பிரித்த தட்டில் அவ்வப்போது ஒருவரே விழித்திருத்தலின், பொறியின் வலிமை முழுதும் அவர்க்கே கிடைக்கும். லினக்ஸ் தமக்கு ஒத்துவருமா என்று ஐயுறுவோர், தட்டைத் தொடாமல் யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து ஒரு கிழமை இயக்கிப் பார்த்தல் அறிவுடைமை. மெதுவாக ஓடும், ஆயினும் எதனையும் அழியாது.

எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. படி எடுத்து வைத்துக்கொள்க என்று எல்லாரும் அறிவுரை கூறுகின்றனர், எதில் எடுப்பது? 500 கிகாபைட்டுத் தட்டை நிரப்பி வைத்திருக்கும் விடுதி மாணாக்கனிடம் மற்றொரு தட்டு வாங்கப் பணமில்லை. எம் தோழர் நிலையும் அதுவே. எம் நிலையும் அதுவே. நம் நூலகத்தார் பதினான்கு நாளைக்கு நூல் இரவல் தருகின்றனர். அம்முறையிலேயே ஒரு டெராபைட்டு வெளித்தட்டுக்கள் நான்கைந்து வாங்கி வைத்து, மூன்று நாளைக்கு இரவல் தந்தால், தட்டைப் பிரிக்க விழைவோர் தம் பொருளையெல்லாம் அதில் ஏற்றி, வேலை முடித்து, சரிபார்த்து, துடைத்துத் திருப்பித் தந்துவிடலாம். தாமதித்தார்க்கு நூலுக்குப் போலவே தண்டம் விதிக்கலாம். முதல் தண்டம் எம்மிடமிருந்தே வருதலும் கூடும். களப்பணியில் சேர்த்த ஒலிப்பதிவுகளின் படியொன்றை எங்கள் துறையிலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உடன் வேண்டும். இவ்விரண்டையும் எழுதி, எம் வகுப்பார் அனைவரும் கையொப்பமிட்டு, துறைத்தலைவர் வாயிலாக முதல்வர் அவர்களுக்கு விடுத்துள்ளோம். கையொப்பங்களுள் முதலாவது அத்தோழருடையது.