காரைக்குடி பழைய பொருள் கடையில் தொங்கும் ‘ஐயா’ யார்? பெயர் தொலைக்கும் செட்டிநாட்டு உருவப்படங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்க. எனாமல் பாத்திரம், ரவிவர்மா அச்சுப்படம், தேக்குத் தூண்... இதற்கு நடுவில், சட்டம் போட்ட படத்திலிருந்து ஒரு செட்டியார் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பெயர் என்ன? பெரும்பாலும் படத்தில் இருக்காது.

எப்படிக் கடைக்கு வந்தார்?

பர்மா, இலங்கை, மலாயாவில் கொண்டுவிற்று சம்பாதித்த நகரத்தார், ஓவியமாகவும் ஸ்டூடியோ போட்டோவாகவும் குடும்பப் பெரியவர்களைப் பதிவு செய்து வீட்டில் மாட்டினார்கள். 1930-களின் பொருளாதார மந்தமும், 1942-ல் பர்மா ஜப்பான் வசமானதும் அந்தச் செல்வத்தை உலுக்கின. இன்று ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். பராமரிக்க முடியாத வீடு இடிக்கப்படும்போது தேக்கோடு படமும் வெளியேறுகிறது.

பிரான்ஸில் நடந்தது வேறு

18-ம் நூற்றாண்டில் ஆர்லியன்ஸ் பிரபு குடும்பத்தில் வேலை பார்த்தவர் கார்மோந்தெல். வந்துபோன பிரபுக்களை வரைந்து தள்ளினார். 1763-ல் பாரிஸ் வந்த சிறுவன் மொசார்ட்டையும் வரைந்தார். மூலப் படங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1806-ல் அவர் இறந்த பிறகு சுமார் 750 படங்களை நண்பர் ஒருவர் மொத்தமாக வாங்கினார். 1877-ல் அவற்றில் 480-க்கும் மேற்பட்டவை ஓமால் பிரபுவிடம் சேர்ந்தன. இன்று ஷான்டிலி கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கைமாறியும் பெரும்பகுதி சிதறவில்லை. அதனால்தான் யார் யார் என்று இன்றும் சொல்ல முடிகிறது.

சட்டம் காப்பாற்றாதா?

ஓரளவுதான். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த ஓவியத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆனால் உள்ளூரில் விற்கத் தடையில்லை. படத்தில் இருப்பவரின் பெயர் தொலைவதை எந்தச் சட்டமும் தடுக்காது.

நாம என்ன செய்யலாம்?

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு பழைய தமிழக ஸ்டூடியோ படங்களை டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. வீட்டளவில் வேலை இன்னும் எளிது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு படத்தையும் போனில் எடுங்க. ஆயா, அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து ‘இது யாரு, எந்த ஊரு, எங்க கொண்டுவிக்கப் போனாரு?’ என்று கேட்டு, அவங்க குரலிலேயே பதிவு பண்ணுங்க. பெயரை ஒரு தாளில் எழுதி சட்டத்தின் பின்னால் ஒட்டுங்க.

படத்தைப் பிறகு கடையில்கூட மீட்டுவிடலாம். பெயர் தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால், அதை மீட்க வழியில்லை.