சைக்கிள் ஓட்ட கார் வேண்டுமாம்!

ரொம்ப நாளாகவே எழுதணும்னு நினைத்துக்கொண்டிருந்த விஷயம். ஆபீஸ், அப்ரைசல், பாப்பாவுக்குப் பரீட்சை என்று தள்ளிப் போனது. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பார்த்தபிறகு இனியும் தள்ளிப்போட முடியாது. ஹைதராபாத்தில் என்னோடு சைக்கிள் மிதிக்கும் நண்பர்கள் கோவித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்கிறேன்.

விஷயம் இதுதான். வாட்ஸப்பில் ஒரு அழைப்பு வந்தது. கண்டிப்பேட்டை ஏரியைச் சுற்றி சைக்கிள் பயணம், "எல்லோரும் வரலாம், எல்லாத் திறனுக்கும் வழித்தடம் உண்டு" என்று. உள்ளே போய்ப் பார்த்தால் 100 கி.மீ., 50 கி.மீ., 25 கி.மீ. குறைந்தபட்சமே 25! என் பெண்ணுக்கு ஒன்பது வயது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு அறுபது தாண்டிவிட்டது. அப்படியென்றால் இந்த "எல்லோரும்" யார் சாமி?

சரி, அவர்கள் கூட வேண்டாம், நாமே போவோம் என்று கிளம்பினோம். வெளிவட்டச் சாலை ஓரமாக மேலே சூரியத் தகடு போட்ட சைக்கிள் பாதை இருக்கிறதே, அங்கே. 2023 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். நானக்ராம்குடாவிலிருந்து போலீஸ் அகாடமி வரை 8.5 கி.மீ., நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை 14.5 கி.மீ., ஆக மொத்தம் 23. அகலம் 4.5 மீட்டர். தலைக்கு மேலே 16 மெகாவாட் மின்சாரம். திறந்த நாளில் நானும் பெருமையாகப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியவன்தான்.

ஆனால் அந்தப் பாதைக்கு எப்படிப் போவது? எங்கள் குடியிருப்பு வாசலில் இறங்கினால் தண்ணி லாரி, கான்கிரீட் கலவை லாரி, ராங் சைடில் வரும் பைக். ஒன்பது வயதுப் பிள்ளையை அதில் விட முடியுமா? ஆக, மூன்று சைக்கிளையும் காரில் ஏற்றி, கயிறு கட்டி, சிக்னல் சிக்னலாக நின்று போனோம். சைக்கிள் ஓட்டுவதற்குக் கார் வேண்டும். கார் இல்லாதவன் சைக்கிள் ஓட்டக் கூடாது. எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா இந்த அநியாயத்தை?

என் மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். கீரனூர் பக்கம். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயலில் வேலை செய்தவர்கள், கல் குவாரியில் உடைத்தவர்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். அதில் அத்தையும் ஒருவர். பார் வைத்த ஆம்பிளை சைக்கிளில், முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். கிண்டல் பண்ணியவர்களையும் தாண்டித்தான் ஓட்டினாராம்.

அந்த அத்தை இங்கே பாதையில் ஐந்து நிமிஷம் ஓட்டினார். பின்னாலிருந்து ஒரு கூட்டம், இறுக்கமான பனியனும் கறுப்புக் கண்ணாடியுமாக, "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கத்திக்கொண்டு வந்தது. இடதுபக்கம் ஒதுங்கச் சொல்கிறார்களா, இடதுபக்கமாகத் தாண்டப் போகிறார்களா, யாருக்குத் தெரியும்? அத்தை பதறி, காலை ஊன்றி, இறங்கிவிட்டார். தாண்டிப்போன ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அதை என் மகளும் பார்த்தாள்.

"மாப்ள, நீங்களும் பாப்பாவும் ஓட்டுங்க. நான் கார் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

"இல்ல அத்தை, மெதுவா ஓரமா வாங்க."

"வேணாம் மாப்ள. அப்பல்லாம் லாரிக்காரன் ஆரன் அடிச்சாலும் எறங்க மாட்டேன். இது நம்மள மாதிரி ஆளுகளுக்குப் போட்ட ரோடு இல்ல போல."

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமமே சிரித்தும் இறங்காத மனுஷி, கோடிக்கணக்கில் போட்ட பாதையில் இறங்கிவிட்டார். இதுதான் என் வயிற்றெரிச்சல்.

உடனே வேகமாக ஓட்டுகிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் மாதம் ஒரு முறை பெரிய சுற்று போகிறவன். கண்டிப்பேட்டை, கானாபூர், ஷங்கர்பள்ளி ரோடு, அப்புறம் தெற்கே வளைந்து மொயினாபாத், சில்கூர். தக்காணத்துப் பாறையும் மேடும் பள்ளமும், தொடையைப் பிழிந்துவிடும். அதன் சுகமே தனி. ஆனால் அது ஒரு வகை ஆளுக்கான சுற்று. அதை மட்டும் வைத்துக்கொண்டு "எல்லோருக்கும்" என்று போஸ்டர் அடிக்காதீர்கள் என்கிறேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு அதே ரோட்டில் யார் போகிறார்கள் பார்த்திருக்கிறீர்களா? பால் கேனைக் கட்டிய பால்காரர், நைட் ஷிப்ட் முடித்த வாட்ச்மேன், நம் அடுக்குமாடியைக் கட்டும் ஒடிசாக்காரர்கள். விளக்கு கிடையாது, ஹெல்மெட் கிடையாது. தினமும் போகிற அவர் "சைக்கிள்காரன்". வாரம் ஒருநாள் போகிற நாம் "சைக்ளிஸ்ட்". வழித்தடம் யாரைக் கேட்டுப் போடுகிறார்கள்? நம்மைத்தான்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. ஏரிக்கரையை ஒட்டியே புதுசாக ஒரு பாதை கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அதையும் எதிர்க்கிறேன். இது வேடிக்கை பார்க்கிற குளம் இல்லை. 1908இல் மூசி வெள்ளம் ஊரையே வாரிக்கொண்டு போன பிறகு, விஸ்வேஸ்வரய்யாவைக் கூப்பிட்டு யோசனை கேட்டு, 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும் கட்டினார்கள். வெள்ளத்துக்கு அணை, ஊருக்குக் குடிதண்ணீர். அதைக் காக்கத்தான் 1996இல் அரசாணை 111 வந்தது, 10 கி.மீ. சுற்றளவில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டுப்பாட்டை விலக்குவதாக இன்னொரு ஆணை. அதற்கு மேல் சைக்கிள் பெயரைச் சொல்லி நாமும் கரையில் கான்கிரீட் கொட்டணுமா? மும்பையில் பவாய் ஏரியில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். 2022 மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம் அது சட்டவிரோதம், போட்டதை எடு என்று சொல்லிவிட்டது.

புதுசாக ஒன்றும் கட்டவேண்டாம். இருக்கிற ரோட்டை ஒழுங்குபடுத்தினால் போதும். நான் கேட்பது இவ்வளவுதான்:

ஒன்று, அந்தச் சூரியப் பாதையில் ஒரு தடத்தை மெதுவாகப் போகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளும் பாட்டிகளும் அங்கே. வேகம் வேண்டுமென்றால் மற்ற தடம்.

இரண்டு, நார்சிங்கியிலிருந்து கண்டிப்பேட்டை வரை ஞாயிறு காலை ஐந்திலிருந்து எட்டு வரை கார், லாரி வேண்டாம். முடியாத காரியமா? 2021இல் டேங்க் பண்டில் ஞாயிறு மாலைகளில் வண்டிகளை நிறுத்திக் காட்டினார்களே. ஊரே வந்து நடந்தது.

மூன்று, பெரிய சுற்றில் டிப்பர் லாரிகளைக் கட்டுப்படுத்துங்கள். 2025 நவம்பர் 3 அன்று சேவெள்ளா பக்கம் ஜல்லி ஏற்றிய டிப்பர் மோதி, பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவர்களே ஏறக்குறைய இருபது பேர் போய்ச் சேர்ந்தார்கள். சைக்கிள் எந்த மூலைக்கு?

நான்கு, வீட்டு வாசலிலிருந்து அங்கே மிதித்தே போகிற மாதிரி ஒரு வழி. இது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் கார் வைத்திருப்பவனுக்கு மட்டும்தான்.

கடைசியாக நம்மவர்களுக்கு. விசா வேண்டி சில்கூர் பாலாஜியை 11 சுற்று, கிடைத்தால் 108 சுற்று சுற்றுகிறோம். அந்த ஏரியோரக் கோயிலுக்கு ஞாயிறு காலையில் அடித்துப் பிடித்துக் காரில் பறப்பதும் நாம்தான், ஹாரன் அடிப்பதும் நாம்தான். "இது நம்ம ஊரா, நமக்கெதுக்கு வம்பு" என்று இருந்துவிடுகிறோம். நம் பிள்ளைகள் பிறந்து வளர்கிற ஊர் இது. குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் கிளப் ஹவுஸ் ஏசிக்காக இரண்டு மணி நேரம் சண்டை போடுகிறவர்கள், வாசல் ரோட்டுக்காக ஒரு மனு எழுதக் கூடாதா? நான் எழுதிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துக்கு வரும்.

பி.கு.: அத்தை அடுத்த மாதம் ஊருக்குக் கிளம்புகிறார். இப்போது தினமும் காலையில் எங்கள் பார்க்கிங்கில் கார்களுக்கு நடுவே எட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். பாப்பா பின்னாடியே. செக்யூரிட்டி நேற்று வந்து, "சார், இங்கே சைக்கிள் ஓட்டக் கூடாது" என்றார்.