வாசலில் ஒரு பெயர்

ஜெர்மனியில் ஏதோ ஒரு தெருவில் நடந்து போகிறீர்கள். ஒரு வீட்டு வாசலுக்கு முன்னால், நடைபாதைக் கற்களுக்கு நடுவே சின்னதாகப் பித்தளைத் தகடு ஒன்று மின்னுகிறது. 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். குனிந்து பார்த்தால், ‘இங்கே வாழ்ந்தார்’ என்று ஆரம்பிக்கிறது. கீழே ஒரு பெயர், பிறந்த ஆண்டு, எப்போது பிடித்துக்கொண்டு போனார்கள், எந்த முகாமில் கொன்றார்கள் என்ற விவரம்.

இதற்கு ‘இடறு கல்’ என்று பெயர். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-ல் கொலோன் நகரில் முதல் கல்லைப் பதித்தார். 2023-ல் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. ஒரே குடும்பம் என்றால், கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் பதிக்கிறார்கள்.

ஹிட்லரின் நாஜி ஆட்சி கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர். வகுப்பில் இந்த எண்ணைச் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். ‘நீ தினமும் ஸ்கூலுக்குப் போகிற வழியில் இருக்கிற அந்த வீட்டில் உன் வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள்’ என்று சொன்னால் மறப்பார்களா? பல ஊர்களில் மாணவர்களே ஆவணக் காப்பகத்துக்குப் போய், பழைய பதிவுகளைப் புரட்டி, கல்லில் பெயர் உள்ளவரின் கதையைத் தேடி எழுதுகிறார்கள். 1938 நவம்பர் 9 இரவில் யூதர்களின் கடைகளை நொறுக்கி, வழிபாட்டு இடங்களுக்குத் தீ வைத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கற்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள்.

எதிர்ப்பும் உண்டு. மியூனிக் நகராட்சி பொது நடைபாதையில் இந்தக் கற்களை அனுமதிக்கவில்லை. அங்குள்ள யூத சமூகத்தின் தலைவர் சார்லட் நோப்லோக், சிறுமியாக ஒளிந்திருந்து உயிர் தப்பியவர். அன்று மிதிபட்டவர்களின் பெயரை இன்றும் காலடியில் வைக்கலாமா என்பது அவர் கேள்வி. அதனால் அந்த ஊரில் சுவரில், கண் மட்டத்தில் பலகை வைக்கிறார்கள். படிப்பதற்குக் குனிகிறோமே, அதுவே மரியாதைதான் என்பது டெம்னிக்கின் பதில்.

கல்லோ, பலகையோ... அவசரம் இரண்டுக்கும் ஒன்றுதான். 1945-ல் 10 வயதில் தப்பிய குழந்தைகளுக்கு இன்று 90 வயதாகிறது. ‘நான் பார்த்தேன்’ என்று சொல்ல ஆளே இல்லாத வகுப்பறை வரப்போகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வதாக இருந்தால், 60 லட்சத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு வீட்டு வாசலில், ஒரு பெயரில் ஆரம்பியுங்கள்.